நாரி இழுக்கும் கட்டிலும் நான் சொல்லாததும்

என் பிள்ளைக்கு,

நான் நலம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய் என்று எனக்குத் தெரியும். ஆகவே உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். எழும்பி நிற்கிறேன். சமையலறையிலிருந்து பல்கனி வரைக்கும் ஒருவரையும் பிடிக்காமல் நடக்கிறேன். முதுகில் தையல் போட்ட இடம் கடிக்கிறது, சொறியக் கூடாதாம். இடது காற்பெருவிரல் இன்னும் சொல்வழி கேட்பதில்லை. அம்மா அவிக்கிற புட்டு நன்றாக இறங்குகிறது. என் நிலவரம் இவ்வளவுதான். இனி உன்னோடு கொஞ்சம் சண்டை பிடிக்கப் போகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் அழுத அழுகைக்கு அம்மாவும் கூடச் சேர்ந்து அழுதாள். ஞானம் அக்கா வாய் தவறிச் சொல்லித்தான் எனக்கு ஒப்பரேஷன் நடந்த விஷயம் உனக்குத் தெரியவந்தது என்பதில் உனக்குக் கோபம். அந்தக் கோபம் நியாயமானது, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் பிறகு நீ சொன்னாயே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. "நான் அங்கை இருந்திருந்தால் இப்பிடி நடந்திருக்குமோ அப்பா? வைத்தியரோடை கதைக்க ஒரு ஆளில்லாமல் தனியப் போய்க் கிடந்திருக்கிறியள். நான் பாஷை வகுப்பை விட்டிட்டு வாறன். இவரிட்டையும் சொல்லிப்போட்டன். உங்களுக்குச் சுகமாகும்வரைக்கும் அங்கை நிண்டு நானே உங்களைக் கூட்டிக்கொண்டு திரியிறன்" என்றாய். கலியாணம் முடித்துப் போய் இன்னும் வீட்டுச் சுவரில் படம்கூட மாட்டவில்லை. அங்கே ஜெர்மன் பாஷை உனக்கு இன்னும் பிடிபடவில்லை. அதற்குள் பெட்டி கட்டுகிறாய்.

வராதே. நீ வரவேண்டாம் என்று சொல்வதற்காகத்தான் இதை எழுதுகிறேன். தொலைபேசியில் சொல்லலாம், ஆனால் நீ இடையில் அழுவாய், நான் பேச்சை விட்டுவிடுவேன். கடிதத்தில் நீ என்னை இடைமறிக்க முடியாது. நீ இல்லாததால் எனக்குக் கேடு வந்தது என்று நினைக்கிறாய். நடந்தது என்ன என்று முதலில் இருந்து சொல்கிறேன், பிறகு நீயே யோசி.

நான் ஒரேத்தோப் பக்கம், நடமாட முடியாத அந்தக் கிழட்டுப் புரொபெசோரே வீட்டில் வேலை செய்வது உனக்குத் தெரியும். அவர் நல்ல மனிதர், அதோடு நல்ல கனமான மனிதரும். காலையில் கட்டிலிலிருந்து தூக்கிக் கதிரையில் இருத்துவது, கதிரையிலிருந்து குளியலறை, குளியலறையிலிருந்து திரும்பக் கதிரை, பின்னேரம் திரும்பக் கட்டில். இதுதான் என் உத்தியோகம். பின்னேரம் அவருடைய மகள், அந்தச் சின்யோரா, வந்ததும் அன்றைய நிலவரத்தை ஒப்புவிக்க வேண்டும். சிறுநீர் போனாரா, என்ன நிறம், வயிறு இளகியதா, கால் வீங்கியதா, எங்கே மரத்திருக்கிறது, எங்கே புண். நீ என் இத்தாலியனைக் கேட்டுச் சிரிப்பாய். குவெஸ்தூராவில், அந்தப் பொலிஸ் கந்தோரில், வதிவிடப் பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கப் போனால் என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், உண்மைதான். ஆனால் உடம்பைப் பற்றிய ஒரு சொல்லும் எனக்குத் தெரியாததில்லை. உன்னுடையது பள்ளிக்கூடத்து இத்தாலியன். என்னுடையது படுக்கையறையும் கழிப்பறையும் சேர்ந்து கற்றுத்தந்த இத்தாலியன். இதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு மேலே வாசி.

புரொபெசோரே குளியலறையில் வழுக்கியபோது நான் குறுக்கே பிடித்தேனே, அன்றைக்கு முதுகின் அடியில் ஆரம்பித்தது இந்த நாரிநோ. முதலில் வெறும் பிடிப்புத்தான். அம்மாவின் பழைய சேலையைக் கிழித்து இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். நீயும் அம்மாவும் ஓய்வெடுக்கச் சொன்னீர்கள். இங்கே நம்மவர்களுடைய வழக்கம் உனக்குத் தெரியும்தானே. வருத்தமென்று வீட்டில் நின்றால் நமக்குப் பதிலாக நம்மிலேயே ஒருவரைத்தான் அந்த வீட்டுக்கு அனுப்பவேண்டும். அனுப்பிவைத்த ஆள் கொஞ்சம் சிரித்த முகமாக, கொஞ்சம் உருசியாகச் சமைப்பவராக இருந்துவிட்டால், நாம் சுகமாகித் திரும்பும்போது வீடு அவருடையதாகியிருக்கும். கேட்டால், "நான் என்ன அண்ணை செய்யிறது, சின்யோரா விடுறாவில்லையே" என்பார். அந்தப் பயத்தில் நோவை விழுங்கிக்கொண்டு நடந்தேன். நோ நாரியிலிருந்து பின்தொடைக்கு இறங்கி, குதிக்கால் வரைக்கும் வந்துவிட்டது.

வுச்சீரியாச் சந்தையில் மீன் வாங்கப் போனால் நம் சனம் அத்தனை பேரும் வைத்தியர்கள். ஒருவர் நல்லெண்ணெயைச் சூடாக்கிப் பூசச் சொன்னார். ஒருவர் செங்கல்லைச் சுட்டு ஒத்தடம் கொடுக்கச் சொன்னார். இன்னொருவர் மிகவும் விஞ்ஞானமாக, "எதிலையாவது பிடிச்சுத் தொங்குங்கோ அண்ணை. எலும்புக்கு எலும்பு இடைவெளி வந்து நரம்பு தானாய் விடுபடும்" என்றார். நான் நம் பல்கனிக்கு மேலே உள்ள இரும்புக் கம்பியில் தொங்கியதும், எதிர்வீட்டுச் சின்யோரா நான் கீழே குதிக்கப் போகிறேன் என்று நினைத்து உயிரே போகிற மாதிரிக் கத்தியதும், தெருவில் கூட்டம் கூடியதும், நீ கீழே ஓடிப்போய் எல்லோருக்கும் விளக்கம் சொல்லிவிட்டு மேலே வந்து என்னைத் திட்டியதும் ஞாபகம் இருக்கிறதா? அன்று மானம் போனதென்று நீ சாப்பிடாமல் படுத்தாய். அம்மா சிரிப்பை அடக்க முடியாமல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அதற்குப் பிறகுதான் ஞானம் அக்கா அந்தக் கட்டிலைப் பற்றிச் சொன்னா. அவ பிரான்காச்சோவில் மாடிவீடுகளின் படிக்கட்டுகளைக் கழுவுகிறவ, நாரிநோவில் நடமாட முடியாமல் கிடந்தவ. ஒரு தனியார் நிலையத்தில் இரண்டாகப் பிரிகிற கட்டிலில் படுக்கவைத்து, நெஞ்சுக்கு ஒரு பட்டி, இடுப்புக்கு ஒரு பட்டி கட்டி, கீழ்ப்பாதியை இயந்திரம் மெல்ல இழுத்து மெல்ல விடுமாம். எலும்புகளுக்கு நடுவே பிதுங்கிய டிஸ்க்குக்கு இடம் கிடைக்குமாம். கத்தியில்லை, இரத்தமில்லை. அக்கா மன்னார் ஆள், மாதாவுக்குப் பயந்தவ, பொய் சொல்லமாட்டா. அவ முழுவதையும் சொன்னா: "எனக்கு நல்ல சுகம்தான் தம்பி. ஆனால் முதல்லை காலெல்லாம் தட்டிப் பார்த்து, படம் எடுத்து, எனக்கு இது சரிவரும் எண்ட பிறகுதான் படுக்க விட்டவை. இப்பவும் அவை சொல்லித்தந்த பயிற்சியை விட்டிட்டால் நோ திரும்பி வருகுது." நீயும் நானும் அந்தப் பேச்சின் முதல் பாதியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

ஏன் என்றால் எனக்குக் கத்திக்குப் பயம். முள்ளந்தண்டில் கத்தி வைத்தால் ஆள் ஆயுளுக்கும் படுக்கைதான் என்று நம் சனம் சொல்லிச் சொல்லி என் தலையில் ஏறிவிட்டது. படுக்கையில் கிடக்கும் ஒரு மனிதனைத் தினமும் தூக்குகிறவன் நான். அது எப்படியிருக்கும் என்று எனக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஆகவே கத்தியில்லை என்ற ஒரு சொல்லுக்காகவே அந்தக் கட்டில் எனக்குப் பிடித்துவிட்டது. அது என் உடம்புக்குப் பொருந்துமா என்று நான் கேட்கவில்லை. கத்தியிலிருந்து தப்பலாமா என்று மட்டும்தான் கேட்டேன். இரண்டும் ஒரே கேள்வியல்ல என்பது எனக்குப் பிந்தித்தான் விளங்கியது.

உன் கலியாணத்துக்கு முன்பு குடும்ப வைத்தியரிடம் போனோமே, அந்த நாளைப் பற்றி எழுதத்தான் எனக்குக் கை கூசுகிறது. நீ வழக்கம்போல எனக்கு வலப்பக்கக் கதிரையில் இருந்தாய். சின்ன வயதிலிருந்தே நீதான் என் வாய். வகுப்புக்குப் போகவேண்டிய நாட்களில் உன்னைக் குவெஸ்தூரா வரிசையில் நிறுத்தினேன். வீட்டுக்காரன் என்மேல் போட்ட சத்தத்தை நீ கேட்டு, அதைக் கொஞ்சம் மரியாதையாக்கி எனக்குத் தமிழில் சொன்னாய். அன்றைக்கும் வைத்தியர் கேட்கக் கேட்க நீ சொன்னாய். இருமினால் நோ காலுக்கு ஓடுகிறதா? ஓம் என்றேன். நடக்கும்போது கால் தடுக்கிறதா? எப்போதாவது என்றேன். பிறகு அவர் இன்னொன்று கேட்டார். சிறுநீர் கழிக்கச் சிரமம் இருக்கிறதா, இருக்கையில் பதிகிற இடமும் தொடைகளின் உட்பக்கமும் மரத்திருக்கிறதா என்று கேட்டார்.

நீ சிவந்துபோனாய். சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தாய். "அப்பா, அவர் என்ன கேக்கிறார் எண்டால்…" என்று தொடங்கி நின்றுவிட்டாய். அந்தக் கேள்விக்கு நீ தமிழ் தேடிக்கொண்டிருந்தாய். எனக்குத் தமிழ் தேவைப்படவில்லை, பிள்ளை. அந்த வைத்தியர் பாவித்த ஒவ்வொரு சொல்லும் நான் தினமும் சின்யோராவிடம் சொல்கிற சொல். நீ வாய் திறப்பதற்கு முன்பே எனக்கு விளங்கிவிட்டது. பதிலும் எனக்குத் தெரியும். அப்போதே காலையில் குளியலறையில் நெடுநேரம் நிற்கவேண்டியிருந்தது. பஸ்ஸில் இருந்தால் ஒரு பக்கம் மடித்த துணியின்மேல் இருப்பதுபோல இருந்தது. ஆனால் கலியாணம் பேசி முடித்த பிள்ளையின் வாயால் தகப்பனுடைய அந்த விஷயத்தை இன்னொரு ஆம்பிளைக்கு எப்படிச் சொல்விப்பது? "ஒண்டுமில்லையெண்டு சொல்லு பிள்ளை" என்றேன். நீ நிம்மதியோடு அதைத் திருப்பிச் சொன்னாய். வைத்தியர் உன்னை நம்பினார், நீ என்னை நம்பினாய். படம் எடுத்துப் பார்த்துவிட்டு அந்த இழுவைக் கட்டிலுக்குப் போகலாம் என்று எழுதித் தந்தார். வெளியே வந்து நாம் இரண்டுபேரும் ஐஸ்கிறீம் குடித்தோம். படமெடுப்பதைக் கலியாணத்துக்குப் பிறகு பார்ப்போம் என்று நான்தான் சொன்னேன்.

கலியாணத்தன்று வேட்டிக்குள்ளே இடுப்புப் பட்டி கட்டிக்கொண்டுதான் நின்றேன். படங்களில் நான் மிகவும் நிமிர்ந்து நிற்பதாக எல்லோரும் சொன்னார்கள். நீ போய்விட்டாய். வீடு வெறிச்சென்று இருந்தது என்று எழுதி உன்னை அழவைக்க மாட்டேன், ஆனால் வெறிச்சென்றுதான் இருந்தது. நீ ஒவ்வொரு முறை எடுக்கும்போதும், "கட்டிலுக்குப் போகத் தொடங்கியாச்சோ அப்பா?" என்பாய். நான், "ஓம் ஓம், போறன்" என்பேன். அம்மா ஒரு ஞாயிறு நம் சனத்தோடு மலையேறிப் போய், அந்தக் கோயில் புனிதை சாந்தாவைக் கும்பிட்டுவிட்டு வந்து, "இஞ்சாருங்கோ, கத்தி வைக்காமல் சுகமாகோணும் எண்டு நேர்ந்திட்டு வந்திருக்கிறன்" என்றாள். அதற்குப் பிறகு சாமிக்கும் சேர்த்து நான் அந்தக் கட்டிலில் சுகமாகவேண்டியவனாகிவிட்டேன்.

ஒருநாள் காலை புரொபெசோரே வீட்டுக் குளியலறையில் நின்றேன், நின்றுகொண்டே இருந்தேன். வரவில்லை. கட்டிலிலிருந்து அவர் குரல் கொடுத்தார்: "என்னப்பா, உள்ளே நித்திரையா? தினமும் நீ என்னைக் கேட்கிறாய், இன்றைக்கு நான் உன்னைக் கேட்கிறேன். வந்ததா?" கிழவனுக்குக் குறும்பு. நான் சிரித்துக்கொண்டே, "வந்தது" என்றேன். அவருக்குக்கூடப் பொய்தான் சொன்னேன். பிறகு அவரைத் தூக்கும்போது இடது கால் மடிந்து இரண்டுபேரும் கட்டிலில் விழுந்தோம். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் மறுநாளைக்கு அந்தக் கட்டிலுக்கு நேரம் எடுத்தேன்.

தனியாகத்தான் போனேன். ஞானம் அக்கா போன இடமல்ல, கிட்ட இருந்த வேறொரு இடம். படம் எங்கே என்று கேட்டார்கள். பிறகு கொண்டுவருகிறேன் என்றேன். அங்கே வேலை செய்கிற பொடியன் என்னைக் கட்டிலில் படுக்கவைத்து, நெஞ்சிலும் இடுப்பிலும் பட்டியை மாட்டி இறுக்கினான். டாக்டர் வந்து பார்த்த பிறகுதான் இயந்திரத்தைப் போடுவான் என்றான். நல்லகாலம் அந்த இடத்தில் அப்படி ஒரு ஒழுங்கு இருந்தது. வந்தவ ஒரு பெண் டாக்டர். அம்மாவின் வயதுதான் இருக்கும். மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டுக்கொண்டு கேள்வி கேட்கத் தொடங்கினா. இருமினால் நோகிறதா, கால் தடுக்கிறதா. அதே கேள்விகள், அதே ஒழுங்கில் வந்தன. அடுத்து என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். வந்தது.

நான் வலப்பக்கம் திரும்பினேன். பழக்கம். நீ இருக்கிற பக்கம். அங்கே ஒரு கதிரையும் அதன்மேல் என் சேட்டும்தான் இருந்தன. டாக்டர் எனக்கு விளங்கவில்லை என்று நினைத்துவிட்டா. மறுபடி மெதுவாக, சின்னப்பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொல்லி, போதாததற்குக் கையாலும் காட்டினா. வேறொரு நேரமென்றால் எனக்குச் சிரிப்பு வந்திருக்கும். நான் கட்டப்பட்டுக் கிடந்தேன். சிவக்கிறதற்கும் கலண்டரைப் பார்க்கிறதற்கும் அந்த அறையில் ஒருவரும் இல்லை. என் பொய்யைக் காவிச் செல்ல ஆளில்லை. புரொபெசோரேயைப் பற்றி அவருடைய மகளுக்குப் பின்னேரங்களில் ஒப்புவிக்கிற அதே குரலில் சொன்னேன்: "தொத்தோரெஸ்ஸா, சில நாளாகச் சிறுநீர் சரியாக வருவதில்லை. வந்தாலும் வந்தது தெரிவதில்லை. இருக்கிற இடம் மரத்துவிட்டது. இடது கால் இழுபடுகிறது. மகளின் கலியாணத்துக்கு முன்பே தொடங்கியது."

அவ சிரிக்கவில்லை, முகம் சுளிக்கவுமில்லை. தன் கையாலேயே பட்டியைக் கழற்றினா. குதிக்காலைத் தட்டினா, பெருவிரலைத் தூக்கச் சொன்னா, ஊசி முனையால் தொட்டு எங்கே தெரிகிறது என்று கேட்டா. பல இடங்களில் தெரியவில்லை. பிறகு எனக்கு விளங்குகிற மாதிரி விளக்கினா. இந்தக் கட்டில் சிலருக்கு உதவும். டிஸ்க் கொஞ்சம் பிதுங்கி, காலுக்கு நோ ஓடி, ஆனால் பலமும் உணர்வும் குறையாமல் இருப்பவர்கள், சோதித்துப் படமெடுத்துப் பார்த்தவர்கள், அப்படியானவர்களுக்கு நோவைக் குறைக்கலாம். எல்லோருக்கும் குறையும் என்று தன்னால் சொல்லமுடியாது என்றும் சொன்னா. ஆனால் உனக்கு முள்ளந்தண்டின் அடியில் உள்ள நரம்புக் கொத்தே நெரிபடுகிறது, இன்றைக்கு உன்னை இழுத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினால் நாட்கள்தான் வீணாகும், அந்த நாட்களில் போகிற உணர்வு திரும்பி வராமலே போகலாம் என்றா. "கத்தியா?" என்றேன். "அநேகமாக" என்றா. "படுக்கையாகி விடுவேனா?" என்று கேட்டேன். "படுக்கையாகாமல் இருக்கத்தான் போகச் சொல்கிறேன்" என்றா. நான் உடுப்பை மாற்றுவதற்குள் ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசி எடுத்துவிட்டா.

மற்றதில் பாதி உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் அம்மா, "நான் நேர்ந்தது கத்தியில்லாமல் எண்டல்லோ" என்று அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துவிட்டு, "சரி, கத்தி வைக்கிறவரின்ரை கையையாவது அவ பார்த்துக்கொள்ளட்டும்" என்று சாந்தாவோடு சமாதானம் பேசிக்கொண்டாள். நான் கையெழுத்து வைப்பதற்கு முன்பு அந்தச் சத்திரசிகிச்சை வைத்தியரை மூன்றாம் முறையும் விளக்கச் சொன்னேன். அவருக்கு அவசரம், ஆனாலும் சொன்னார். ஒப்பரேஷனுக்குப் பிறகு, சிறுநீருக்குப் போட்ட குழாயைக் கழற்றிவிட்டுத் தானாக வருகிறதா பார்க்கச் சொன்ன அன்று, வந்தது. ஆஸ்பத்திரிக் கழிப்பறைக்குள் நின்று நான் விம்மி அழுதேன். தாதி பயந்துபோய்க் கதவைத் தட்டினா. ஒரு மனிதன் இதற்காக அழுவானா என்று நீ கேட்கலாம். அழுவான் பிள்ளை. இன்னும் முழுதாகத் திரும்பவில்லை, திரும்பாமலும் போகலாம். ஆனால் நான் என் காலில் கழிப்பறைக்குப் போய் வருகிறேன். புரொபெசோரே வீட்டில் இப்போது வேறொருவர் நிற்கிறார். கிழவர் என்னைக் கேட்டுச் சண்டை பிடிக்கிறாராம். ஆனால் இனி நான் அவரைத் தூக்கக் கூடாது. அந்த வீடு என் கையை விட்டுப் போய்விடும் என்றுதான் நினைக்கிறேன், போகட்டும்.

உனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டாய். புதிதாகப் போன வீட்டுக்குக் கெட்ட சேதி அனுப்பக் கூடாது என்று அம்மாவும் நானும் கூடிப் பேசி மறைத்தோம். ஒரு பொய்யால் காலே போகப் பார்த்தவன், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டே அடுத்த பொய்க்கு ஏற்பாடு செய்திருக்கிறேன். என் புத்தி லேசில் திருந்தாது.

இப்போது யோசித்துப் பார். நீ அன்று என் வலப்பக்கத்தில் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? அந்த டாக்டர் கேட்டிருப்பா. நீ மறுபடி சிவந்திருப்பாய். நான் மறுபடி, ஒன்றுமில்லையென்று சொல்லு என்றிருப்பேன். அவ இயந்திரத்தைப் போடச் சொல்லியிருப்பா. நீ எனக்குப் பக்கத்தில் இருந்து, கையைப் பிடித்துக்கொண்டு, அன்போடு என்னை முடமாக்கியிருப்பாய். உன்மேல் ஒரு குற்றமும் இல்லை. பிள்ளையை வாயாக வைத்துக்கொண்டு, அந்த வாயால் சொல்லக்கூடாததையெல்லாம் வயிற்றுக்குள் புதைத்தவன் நான். நீ போனதால் எனக்குக் கால் போகப் பார்த்தது என்று அழாதே. நீ போனதால்தான் எனக்குக் கால் மிஞ்சியிருக்கிறது. இதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்லத் தெரியாது.

அங்கேயும் நாரிநோக்காரர் இருப்பார்கள், என் கதையைக் கேள்விப்பட்டவுடன் அந்தக் கட்டில் நல்லதா கெட்டதா என்று உன்னைக் கேட்பார்கள். நல்லது கெட்டது என்று ஒன்றும் சொல்லிவிடாதே. உங்களுடைய நோ எப்படிப்பட்டது என்று யாராவது சோதித்துப் பார்த்தார்களா என்று கேள். கால் பலமாக இருக்கிறதா, உணர்வு இருக்கிறதா, சிறுநீர் ஒழுங்காக வருகிறதா என்று வெட்கப்படாமல் கேள். கத்திக்குப் பயந்து கட்டிலுக்கு ஓடுகிறீர்களா என்றும் கேள். கோபித்தால் கோபிக்கட்டும்.

இன்னொரு விஷயம். இதை எழுதவேண்டுமா என்று நெடுநேரம் யோசித்தேன். ஞாயிற்றுக்கிழமை அழுது ஓய்ந்தபிறகு, அம்மா உன் சுகத்தைக் கேட்டாள். வயிற்றுநோவுக்கு வைத்தியரிடம் போனதாகச் சொன்னாய். "என்ன கேட்டவர், என்ன சொன்னவர்?" என்று அம்மா கேட்டதற்கு, "மாமிதான் கூட வந்தவா அம்மா, அவ எல்லாம் வடிவாக் கதைச்சவா" என்று சொல்லிவிட்டு, உடனே அங்கே பெய்கிற பனியைப் பற்றிப் பேசத் தொடங்கினாய். அம்மா பனிக்குப் பின்னாலே போய்விட்டாள், சுவெட்டர் போட்டாயா என்று கேட்கத் தொடங்கினாள். நான் போகவில்லை. அப்படிப் பேச்சை மாற்றுவது எப்படியென்று எனக்குத் தெரியும், பல வருடம் நான் அதில்தான் கெட்டிக்காரனாக இருந்தேன்.

ஆகவே நீ இங்கே வராமல் அந்தப் பாஷை வகுப்புக்குப் போ. கடையில் சாமான் வாங்குகிற சொற்களைப் பிறகு படிக்கலாம், முதலில் உடம்பின் சொற்களைப் படி. அடுத்த முறை மாமியை மரியாதையாக வெளியே இருக்கச் சொல். உனக்கு என்ன செய்கிறது என்று நான் கேட்கமாட்டேன். எனக்குச் சொல்லாதே. நான் அப்பா, எனக்குச் சொல்வதென்றால் நீ பாதியை விழுங்கிவிடுவாய். கதவைச் சாத்திவிட்டு, உடைந்த பாஷையிலாவது, அந்த வைத்தியரிடம் முழுவதையும் சொல்லிவிடு, குஞ்சு.

உன் அப்பா